ஏழாவது கதவு

காலை ஒன்பதேகாலுக்குப் பதினொரு பேர் வட்டமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மதுரையில், ஏசி போட்ட நான்காவது மாடியில், படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கு வந்த பதினொரு பெரிய மனிதர்கள். ஒவ்வொருவராக நடுவில் வந்து தன் பெயரையும் தனக்குப் பிடித்த இனிப்பையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஆகா" என்று மூன்று முறை தட்ட வேண்டும். இதற்குப் பெயர் பழகல் வகுப்பு.

வேலுத்தாயின் முறை வந்தது.

"வேலுத்தாய். எனக்கு இனிப்பு பிடிக்காது."

"ஆகா" என்றார்கள் பத்துப் பேரும், பழக்க தோஷத்தில்.

வகுப்பு நடத்தும் பெண் சிரிப்பை இம்மியும் குறைக்காமல், காரமாக ஏதாவது சொல்லலாமே என்றாள். சேவு என்றாள் வேலுத்தாய். சாத்தூர்க்காரி வேறென்ன சொல்வாள். மறுபடியும் மூன்று தட்டு. அவள் மணிக்கட்டுப் பட்டையில் எண் 31 என்று மின்னியது. வகுப்புக்குள் நுழையும்போது 32 இருந்தது.

அந்த எண்ணுக்குப் பழகெண் என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன்பு இந்தக் கம்பெனி கொண்டுவந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டால், நாலு பேர் மத்தியில் இருக்கும்போது உங்கள் உடம்பில் தெம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது நாடித்துடிப்பை வைத்தும் வேர்வையை வைத்தும் சொல்லிவிடும். ஏறினால் நீங்கள் வெளிமுகம், இறங்கினால் உள்முகம். நூற்றுக்கு ஐம்பது என்பது நடு. நாற்பதுக்குக் கீழே போனால் 'கவனிப்புக்குரியவர்'. முதலில் விளையாட்டாகத்தான் கட்டிக்கொண்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், வாடகைக்கு வீடு விடுகிறவர் கேட்டார், கல்யாண விளம்பரத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் 'பழகெண் 70க்கு மேல்' என்று போட்டார்கள். பேசாமல் இருப்பது ஒரு குணமாக இருந்தது போய் ஒரு குறையாக ஆனதற்கு ஆறு வருடம் போதுமாக இருந்தது.

அவள் வேலை பார்த்ததே அந்தக் கம்பெனியில்தான். புள்ளியியல் படித்தவள், தரவுப் பிரிவில் தகுதிகாண் ஊழியர். அவள் வம்சத்தில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்குப் பழகெண் நாற்பது வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போக வேண்டியதுதான். அவள் போனால் அம்மாவும் போவாள். இருபத்து நாலு வருடம் குச்சி அடுக்கிய அதே தீப்பெட்டி ஆபீஸில் மறுபடி உட்காருவாள். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மேலாளர் ஞானசெல்வம் கெட்டவர் இல்லை. அதுதான் வேலுத்தாய்க்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் கலகலன்னு இருங்கம்மா. மத்தியானம் எல்லார் கூடவும் உக்காந்து சாப்பிடுங்க. எங்க வீட்டம்மாவுக்கே இருபத்தேழுதான். ஒரு வருசமா வகுப்புக்கு அனுப்புறேன். இப்ப இருபத்தொன்பது."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கா சார், வகுப்பு?"

அவர் யோசித்தார். கேட்டதில்லை போலிருக்கிறது.

சரி என்று நாலு நாள் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்து இருக்கை ரெஹானா இழுத்துக்கொண்டு போனாள். ரெஹானாவின் பழகெண் தொண்ணூற்று இரண்டு. லிஃப்ட் ஏறி இறங்குவதற்குள் ஒரு சிநேகிதம் பிடித்துவிடுவாள், அதில் நடிப்பு ஒரு துளி கிடையாது. வேலுத்தாய்க்கு அவளைப் பிடிக்கும். ஒருத்தியாக இருக்கும்போது பிடிக்கும். பதினாறு பேர், பதினாறு டப்பா, யாருடைய குழம்பில் என்ன குறை என்ற பேச்சு. நாலாம் நாள் பட்டை 28 காட்டியது.

"என்னடி வேலு, சாப்பிடச் சாப்பிட இளைக்கிற?" என்றாள் ரெஹானா. கேலியாகத்தான் சொன்னாள், ஆனாலும் முகம் வாடியிருந்தது.

வீட்டிலும் இதே பாட்டுதான். வில்லாபுரத்தில் ஒரு வளவில் ஒன்பது வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அறை, நடுவில் பொது முற்றம், ஒரு குழாய். அம்மா சீனியம்மாள் அங்கே குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒன்பது வீட்டுக் கதையும் அவள் வாசலில்தான் வந்து விடிந்தது. யாருக்கு மாமியார் சண்டை, யார் பிள்ளைக்கு மாந்தம், எல்லாவற்றுக்கும் "சீனி மதினிட்ட கேப்போம்" என்று வந்து நிற்பார்கள். அம்மா சளைக்காமல் பேசுவாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். வேலுத்தாய் வாசலைக் கடக்கும்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சேர்த்துக்கொள்வாள்: "எம் வயித்துல பொறந்துட்டு, ஊமைக் கோட்டான் மாதிரிப் போறா பாரு."

அதோடு இந்த மாவு மில். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு மணியானால் ஒரு மஞ்சப்பையில் கால் படி கம்போ அரைப் படி அரிசியோ போட்டுக்கொண்டு அம்மா மில்லுக்குக் கிளம்பிவிடுவாள். கடையில் எல்லா மாவும் பாக்கெட்டில் கிடைக்கிறது, அம்மா கேட்க மாட்டாள். பாக்கெட் மாவு மாவா என்பாள். மொத்தமாக ஒரு மாதத்துக்கு அரைத்து வையேன் என்றால், வண்டு விழும் என்பாள். பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று வேலுத்தாய் விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் அவள் சாப்பாட்டு மேசைக்குப் போகவில்லை. தரவு அறையில் தனியாக உட்கார்ந்து பழைய கோப்புகளைத் துப்புரவு செய்தாள். அது அவளுக்குப் பிடித்த வேலை. அப்படித்தான் அடிக்கோப்பு கண்ணில் பட்டது. ஐம்பது என்பது நடு என்று முடிவு செய்தார்களே, அது யாரை அளந்து? ஆயிரத்து நூற்று நாற்பது பேரை. ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் அளந்திருந்தார்கள். தேதியைப் பார்த்தாள். இடத்தைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து நேராக ஞானசெல்வத்தின் அறைக்குப் போனாள். பட்டை என்ன காட்டியது என்று அவள் பார்க்கவில்லை.

அவர் பெருமையாக ஒப்புக்கொண்டார். அவருடைய யோசனைதான். அழகர் ஆற்றில் இறங்குகிற நாள், வைகைக் கரையில் பந்தல் போட்டு, நீர்மோர் கொடுத்து, குடித்தவர்கள் கையிலெல்லாம் பட்டை கட்டி அளந்தார்களாம். வேறு ஊர்க் கம்பெனிக்காரன் ஆயிரம் பேரைப் பிடிக்க ஆறு மாதம் அலைவான். தான் ஒரு பொழுதில் முடித்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

"எல்லா சாதி, எல்லா வயசு, எல்லாத் தொழிலும் இருந்தாங்கம்மா. இதை விட நல்ல சாம்பிள் எங்க கிடைக்கும்?"

"வராதவங்க எங்க சார்?"

"என்னது?"

"அம்புட்டுக் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு சந்தோசமா நின்னவங்களை அளந்திருக்கீங்க. அந்தக் கூட்டத்தை நெனைச்சாலே வேண்டாம்னு வீட்டுல டிவில பாத்தவங்க எங்க? அவங்க மதுரைல இல்லையா? திருவிழாவுல நின்னவங்களோட நடுவை எடுத்து, ஊருக்கே நடுன்னு வச்சிருக்கீங்க. அதுக்கு எட்டலைன்னு எங்களைக் கை தட்டச் சொல்றீங்க."

ஞானசெல்வம் டீயைக் கீழே வைத்தார். வராதவனை எப்படித்தான் அளக்கிறது என்று கேட்டார். அது மழுப்பல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தவர்போல, கிடங்கில் நாற்பது பட்டை சும்மா கிடக்கிறது, ஏழு நாளில் நூறு பேரை அளந்து வாருங்கள், மேலிடத்தில் நானே பேசுகிறேன் என்றார். "நூறு கதவைத் தட்டிப் பேசினா உங்க நம்பரும் ஏறும்ல" என்று ஆசீர்வாதம் மாதிரிச் சேர்த்துக்கொண்டார்.

முறை எளிது. தெருமுனையிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும், ஒவ்வொரு ஏழாவது கதவையும் தட்ட வேண்டும். யார் முகமும் பார்க்கக்கூடாது. சிரிக்கிற வீடு, சிடுசிடுக்கிற வீடு என்று பொறுக்கினால் ஞானசெல்வம் செய்த தப்பையே அவளும் செய்ததாகிவிடும்.

முதல் நாள் ரெஹானாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள். பேசுகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அவள் பேசப் பேச, பாதிக் கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டன. ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். பன்னிரண்டு கதவில் ஐந்துதான் தேறியது, ஐந்து பேரும் வாயாடிகள்.

"எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு வேலு. நான் என்ன கடிச்சா வச்சேன்?"

வேலுத்தாய் மூடின கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தால் எதற்குத் திறப்பேன் என்று யோசித்தாள். பேச வேண்டாம் என்று யாராவது சொன்னால் திறப்பேன்.

அன்று சாயங்காலம் நாற்பது மஞ்சப்பை வாங்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையும் ஒரு துண்டுச் சீட்டும் போட்டாள். 'யாரும் உங்களிடம் பேச வர மாட்டார்கள். இதை இரண்டு நாள் கையில் கட்டியிருங்கள். மூன்றாம் நாள் காலை இதே பையில் போட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். பெயர் தேவையில்லை. விருப்பமில்லை என்றால் பையை அப்படியே மாட்டிவைத்தால் போதும்.' அவ்வளவுதான். ஏழாவது கதவுகளில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை தெருவில் போனாள். வரிசையாகக் கதவுகளில் மஞ்சப்பைகள் தொங்கின. நாற்பதில் முப்பத்தாறு பட்டை கட்டப்பட்டு வந்திருந்தது. கும்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டாரே, அந்தப் பெரியவர் பையில் ஒரு கொய்யாப்பழமும் வைத்திருந்தார். வேலுத்தாய் அந்த இடத்திலேயே கடித்துத் தின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் முப்பத்தாறு பேரோடு பழகியிருக்கிறோம் என்று தோன்றியது. இதற்கு எந்த எண்ணும் கிடையாது.

மூன்றாவது சுற்றில் கணக்கு அவளுடைய வளவுக்கு வந்தது. முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஆறு, பக்கத்து வீட்டு அமுதா அக்கா. ஏழு, அவள் வீடு. ஒரு கணம் தாண்டிவிடலாமா என்று நினைத்தாள். தாண்டினால் அது ஆய்வு இல்லை, ஏமாற்று. அவள் கம்பெனி ஆள், அவள் கட்டக்கூடாது. அம்மா கட்டலாம்.

"என்னடி இது, புது வளையலா?" என்று சீனியம்மாள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். முற்றத்தில் எல்லோருக்கும் ஆட்டிக் காட்டினாள். "நூத்துக்கு நூத்தம்பது காட்டப் போகுது பாருங்க" என்று அமுதா சொல்ல, வளவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். வேலுத்தாயும் அப்படித்தான் நினைத்தாள்.

மொத்தம் நூற்றுப் பதினாறு பேர் தேறினார்கள். எண்களைக் கொட்டி வரிசைப்படுத்தினால் நடு ஐம்பதில் இல்லை, முப்பத்து நான்கில் இருந்தது. ஞானசெல்வம் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"அப்ப இருபத்தேழுங்கிறது?"

"சாதாரணம் சார். தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு வீடு."

அவர் ஜன்னல் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டார். நாளைலேர்ந்து வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "இல்ல, கோவம் இல்ல. நெசமாத்தான்" என்று இரண்டு தரம் சொன்னார். மேலிடத்தில் பேசப் பயமாக இருக்கிறது என்றார், ஆனாலும் பேசினார். சண்டை நடந்தது, கடிதங்கள் போயின வந்தன. அளவையே தப்பாக வைத்த கம்பெனி என்று வெளியே யாராவது சொல்வதற்கு முன் நாமே திருத்திவிடலாம் என்ற பயம்தான் கடைசியில் ஜெயித்தது. நியாயம் ஜெயித்ததாக வேலுத்தாய் ஏமாறவில்லை. எப்படியோ, பழகல் வகுப்பை மூடினார்கள், அடிக்கோப்பைத் திருத்தும் வரை நாற்பது என்கிற விதியை நிறுத்தினார்கள், அவள் வேலை நிரந்தரமானது. ரெஹானா அலுவலகம் முழுக்க அல்வா கொடுத்தாள். வேலுத்தாய்க்கு மட்டும் சேவு.

முப்பத்து நான்கை ஐம்பதாக்கிய புது அளவில் அவள் எண் நாற்பத்தாறு. நடுவுக்குக் கொஞ்சம்தான் கீழே. பெரிய உள்முகம்கூட இல்லை, வெறும் சாதாரணம். இத்தனை வருடமாகத் தன்னை ஓர் அபூர்வப் பிறவி என்று நினைத்திருந்ததற்கு லேசாக வெட்கப்பட்டாள்.

இதற்கெல்லாம் நடுவில் அவள் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. நூற்றுப் பதினாறு பேரில் ஆகக் குறைந்த எண், பதினொன்று. அது எந்தப் பை என்று பார்த்தபோது, பட்டை பழுது என்று நினைத்து வேறொரு பட்டையோடு ஒத்துப் பார்த்தாள். பழுது இல்லை.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் யாரும் இல்லை. அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நாளின் தெம்புக் கோட்டைக் காட்டினாள். காலையில் ஆரம்பித்துச் சறுக்கிக்கொண்டே போகிற கோடு. அமுதா வந்தால் இறங்கும், குழாயடியில் இறங்கும், சிரிக்கும்போது இன்னும் இறங்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது. நாலேகாலிலிருந்து ஐந்து வரை.

"மில்லுல என்னம்மா பண்ணுவ?"

சீனியம்மாளின் கை நின்றது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அதத்தான் பண்ணுவேன்."

வேலுத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அம்மாவே சொன்னாள்.

"அந்தச் சத்தத்துல எவளும் வாயத் தொறக்க முடியாதுல்ல. செவத்துல சாஞ்சு உக்காந்திருப்பேன். எனக்கு முந்தி ரெண்டு மூட்டை இருந்தா இன்னும் நல்லதுன்னு இருக்கும்."

"அப்ப இம்புட்டுப் பேச்சு?"

"உங்கப்பா சாகையில எனக்கு இருவத்தேழு வயசு. பேசாம உக்காந்திருந்தா, என்னத்த நெனைக்கிறாளோ, எவன நெனைக்கிறாளோம்பாக. சிரிச்சுப் பேசிட்டா, அவ மனசுல ஒண்ணுமில்லப்பான்னு விட்ருவாக. தீப்பெட்டி ஆபீஸ்லயும் அப்படித்தான். பேசுனேன். பழகிப்போச்சு. ராத்திரி படுத்தா தாடை வலிக்கும்."

வேலுத்தாய்க்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்த ஆள் மேலேயே காட்டினாள். "பெறகு எதுக்கு என்னைய மட்டும் ஊமைக் கோட்டான்னு ஏசுன?"

"நீ பேசாம இருந்தா உன்னையும் சொல்லுவாகள்ல, அந்தப் பயம். கொஞ்சம் வயித்தெரிச்சலும்தான்." சீனியம்மாள் சிரித்தாள். இது வளவுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, சின்னதாக இருந்தது. "நீ படிக்கேன்னு சொல்லி கதவச் சாத்திக்கிடுவ. சாத்தூர் வீடும் ஒத்த ரூமு. வாரவளையெல்லாம் வாசல்லயே மடக்கி நான் பேசிட்டு இருப்பேன், உள்ள போயி உன்னையத் தொந்தரவு பண்ணிறக் கூடாதுன்னு. உனக்காச்சும் படிப்புன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு? மாவுதான்."

சாத்திய கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பேச்சுச் சத்தம் வேலுத்தாய்க்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அதைச் சபித்துக்கொண்டே படித்தாள். எப்படித்தான் இந்தம்மாவுக்கு வாய் வலிக்காமல் இருக்கிறதோ என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் வேலுத்தாய் அம்மாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டாள். அம்மா கேட்டுக்கொண்டதுதான். "வெளிய பூட்டு தொங்குனாத்தான் நம்புவாளுக" என்றாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் அமுதா வந்தாள். "எங்க மதினி?"

"மில்லுக்கு."

"மில்லுக்கா? மாவுப்பை இந்தா ஆணியில தொங்குதே."

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சுவரில், ஜன்னல் ஓரத்தில் மஞ்சப்பை சாவதானமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது பழசுக்கா. கேப்பைக்குன்னு தனிப் பை கொண்டுபோயிருக்கு" என்றாள். அமுதா நம்பாமல் கதவுப் பக்கம் ஓர் எட்டு வைத்தாள். வேலுத்தாய் சட்டென்று தொட்டிச் சுவரில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கக்கா. உங்க மாமியா ஊர்லேர்ந்து வந்தாகளாமே. என்ன சொன்னாக?"

அமுதா அதிசயமாகப் பார்த்தாள். அப்புறம் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து கடைசி வீட்டு இந்திராணி வந்தாள். ஊமைக் கோட்டான் பேசுகிற வேடிக்கையைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வேலுத்தாய் மாமியாரைப் பற்றிக் கேட்டாள், மாந்தத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள், ஒருத்தி நகரப் பார்த்தபோது பிடித்த இனிப்பு என்ன என்றுகூடக் கேட்டாள். தாடை வலித்தது. பட்டையில் எண் விறுவிறுவென்று இறங்கியிருக்கும். பார்க்கவில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பாத்திரம் நகரவில்லை, ஓர் இருமல் இல்லை. மில்லில் கோடு ஏறுவது முக்கால் மணி நேரம்தான். வேலுத்தாய் அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, "பெறகு?" என்றாள் அமுதாவிடம்.